காய்ந்த கல்லும் டொக்டொக் அத்தையும்

முதலில் உள்ளங்கையைச் சுவரில் வைக்கிறாள். பிறகு விரல் முட்டியால் இரண்டு தட்டு: டொக், டொக். காதைச் சாய்த்துக் கேட்கிறாள். கடைசியாகத் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு. சுவர் அசையவில்லை என்றால்தான் அதன் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். பல் டாக்டர் கிளினிக்கானாலும் சரி, கல்யாண மண்டபமானாலும் சரி, இந்த மூன்றும் நடந்தாக வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகத்தில் காவலாளி ஓடி வந்து "என்னம்மா பண்றீங்க?" என்று அதட்டினான். "உள்ள காத்தா இருக்கு தம்பி. பூச்சு உப்பியிருக்கு. நீ இதுக்குக் கீழ நிக்காத, அந்தப் பக்கம் போய் நில்லு" என்றாள். அவன் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, அந்தப் பக்கம்தான் போய் நின்றான்.

குடியிருப்பில் பிள்ளைகள் வைத்த பெயர் டொக்டொக் அத்தை. முதல் முறை அது காதில் விழுந்தபோது எல்லோரும் அவள் சண்டைக்குப் போவாள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். சண்டை அவளுக்குப் புதிதில்லை. தண்ணீர் லாரிக்காரனிலிருந்து லிஃப்ட் பழுது பார்ப்பவன் வரை எல்லோரிடமும் போட்டிருக்கிறாள். ஆனால் இதற்குப் போகவில்லை. "உள்ளதைத்தானே சொல்லுதுங்க" என்று விட்டுவிட்டாள்.

வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பது வருஷம் சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏற வேண்டும், கொத்தனாரிடம் கொடுக்க வேண்டும், காலிச் சட்டியோடு இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். சட்டி பொம்பளைக்கு, கலவை அள்ளிப் பூசுகிற கரணை ஆம்பளைக்கு. இது எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று அவளும் பலபேரைக் கேட்டுப் பார்த்தாள். "கேட்டா சிரிப்பானுங்க. பதில் இருக்கிறவன் எதுக்குச் சிரிக்கப் போறான்?" என்பாள். கொத்தனார்கள் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில் கரணையை எடுத்து ஒன்றிரண்டு கல் வைத்துப் பார்ப்பாள். வந்ததும் சிலர் காலால் தட்டிவிடுவார்கள். சிலர் கவனிக்காமல் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படித் தப்பித்தது மொத்தம் ஒரு நாற்பது கல் இருக்கும். "அந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்ல, மூணாவது மாடியில என் கல்லு ரெண்டு இருக்கு. வெளிய சொல்லிடாதீங்க, இடிச்சாலும் இடிச்சுடுவானுங்க."

வேலையை விட்ட அன்று, சுமைக்குக் கீழே தலையில் சுருட்டி வைக்கும் சும்மாட்டுத் துணியைக் கலவைமேட்டிலேயே வீசிவிட்டு வந்தாள். இனி இந்தத் தலையில் எதுவும் ஏறாது என்று அன்றைக்கு எடுத்த சபதம். சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றுகிறாள். மழை வந்தால் முந்தானையைக்கூட இழுத்துத் தலையில் போட மாட்டாள். குளித்துவிட்டுத் தலையில் துண்டு சுற்ற மாட்டாள், தோளில்தான் போட்டுக்கொள்வாள். குடை மட்டும் பிடிப்பாள். "குடை கையிலதானே இருக்கு? தலையிலயா இருக்கு?" என்று நாம் கேட்காத கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும்.

இப்படிப்பட்ட அத்தை கடல் கடந்து வீடு கட்டப் போன கதை ஒன்று உண்டு. அவள் மகள் ஒரு கம்பெனியில் அதிகாரி. அந்தக் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு பேர் தங்கள் லீவைப் போட்டு வெளிநாடு போவார்கள். வீடில்லாத ஒரு குடும்பத்துக்குப் பத்து நாளில் தங்கள் கையாலேயே ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டிப் போகலாம். வருகிறாயா என்று மகள் கேட்டதும் அத்தைக்கு விமானமோ வெளிநாடோ காதில் ஏறவில்லை. "வீடு கட்டுறதா? நம்ம கையாலயா?" என்று இரண்டு தரம் கேட்டாள். மறுநாளே பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டாள்.

விண்ணப்பத்தில் "தெரிந்த வேலை" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மகள் "சமையல்" என்று எழுதியிருந்தாள். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சட்டி சுமந்து சுமந்து அம்மாவின் உச்சந்தலையில் முடி கொட்டிய இடத்தை எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்து வளர்ந்த பெண் அவள். அங்கேயும் போய் அம்மா கல்லும் மண்ணும் சுமக்கக் கூடாது என்பதுதான் அவள் நினைப்பு. ஆனால் முதல் நாள் காலையில் குழுத் தலைவர் பட்டியலை வாசித்து "அம்மா, நீங்க சமையல் கூடாரம்" என்றபோது அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து, மகள் வேறு எங்கோ பார்க்க ஆரம்பித்தாள்.

குழுத் தலைவர் கம்பெனியில் ஒரு பிரிவின் மேலாளர். கழுத்தில் விசில், கையில் கோப்பு, நல்ல மனுஷர். எதையும் நேரத்துக்கு முடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பத்தாம் நாள் கம்பெனியின் பெரிய அதிகாரி வந்து சாவி கொடுப்பதாக ஏற்பாடு. உள்ளூர் மேஸ்திரி ஒருவர் மேற்பார்வை. அவருக்கு நம் மொழி தெரியாது, நமக்கு அவர் மொழி தெரியாது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கையாலும் புருவத்தாலும் பேசுவார்.

மனையின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. வீட்டுக்காரி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அதில்தான் இருந்தாள். புருஷன் லாரி டிரைவர், வாரத்துக்கு ஒரு நாள் தலையைக் காட்டுவான். வீடு வாங்கிக்கொள்கிற குடும்பமும் கூட நின்று உழைக்க வேண்டும் என்பது விதி. அதனால் அவள் தலையில் சட்டி. அத்தை கூடாரத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பாவாடையைக் கிழித்துச் சுருட்டிய சும்மாடு, நிமிர்ந்த கழுத்து, சறுக்கும் மண்ணில் பெருவிரலை ஊன்றி நடக்கிற நடை, எல்லாமே அத்தைக்குத் தெரிந்தவை.

வடக்குச் சுவருக்கு உள்பக்கம் வீட்டுக்காரி தரையில் நாலு குச்சி நட்டிருந்தாள். பிள்ளைகளின் கட்டில் அங்கேதான் வரப்போகிறது. யாராவது குச்சியை மிதித்துச் சாய்த்துவிட்டால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நேராக நட்டுவிட்டுப் போவாள்.

இரண்டு நாள் அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு சமைத்தாள். இருபது பேருக்குச் சமைத்துப் போடுவது பெரிய காரியம் இல்லை. பெரிய காரியம், முப்பதடி தள்ளி சுவர் எழும்பும்போது கூடாரத்தில் சும்மா இருப்பது. மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு போனவள், தட்டை வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். இரண்டு தட்டு தட்டினாள். தோளைக் கொடுக்கும் முன்பே மேல் மூன்று வரிக் கல் லேசாக ஆடியது.

அத்தை மேல் வரியில் ஒரு கல்லை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். கடையில் சோப்புக்கட்டியை எடுக்கிற மாதிரி அது கையோடு வந்தது. அடியில் கலவை மாவாய் உதிர்ந்தது. கல்லைத் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள், மூக்குக்கருகில் வைத்து முகர்ந்தாள்.

"இந்தக் கல்லு தண்ணியே பாக்கலையே" என்றாள்.

நடந்தது இதுதான். செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கட்ட வேண்டும். காய்ந்த கல், கலவையில் இருக்கிற ஈரத்தை எல்லாம் குடித்துவிடும், அப்புறம் கலவை பிடிக்காது. மேஸ்திரி முதல் நாளே ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கல்லை முக்கி முக்கிக் காட்டியிருக்கிறார். நம் ஆட்கள், கல்லில் இருக்கிற தூசியைக் கழுவச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடத்தில் தூசிக்காக இவ்வளவு தண்ணீரா என்று மனசு கேட்கவில்லை. ஆளுக்கொரு பிரஷ் வாங்கி வந்து ஒவ்வொரு கல்லையும் பல் விளக்குவது போலத் தேய்த்துத் தூசி தட்டினார்கள். டிரம்மில் ஒரு குழாயை மாட்டி, சோப்பு வைத்து, "கை கழுவ" என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். விருந்தாளிகள் ஆயிற்றே என்று மேஸ்திரியும் இரண்டு தரம் கையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். வடக்குச் சுவர் இப்படி ஒன்பது வரி ஏறியிருந்தது. மற்ற மூன்று பக்கமும் மூன்று நான்கு வரி.

குழுத் தலைவர் விசிலைப் பிடித்தபடி வந்தார். "அம்மா, அதை எடுத்த இடத்துலயே வச்சுடுங்க. மேல பூசிட்டா எல்லாம் இறுகிடும்."

"பூசினா அழகு வரும் சார். பலம் வராது."

"நீங்க சமையல் டீம்தானே?"

"ஆமா. மூணு நாளா சாப்பிடுறீங்க, ஏதாவது குறை இருந்துச்சா? அதும் தெரியும், இதும் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அத்தை இரண்டாவது கல்லை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு மூன்றாவது.

சுற்றி நின்றவர்கள் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள். மூன்று நாளாக வெயிலில் வெந்து, கை கொப்பளித்து ஏற்றிய சுவர் அது. ஒரு பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அம்மா, வேணாம்மா. எல்லாரும் பாக்குறாங்க. நான் சார்கிட்ட தனியாப் பேசுறேன்."

"எதுக்குத் தனியா? என்ன திருட்டா பண்றேன்? கையை விடு."

மகள் கையை விடவில்லை. அத்தை அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். "உனக்கு நாலு வயசு இருக்கும். ஒரு காம்பவுண்டு சுவரு. இதே மாதிரி காஞ்ச கல்லு. தண்ணி ஊத்தணும்னு சொன்னேன். சித்தாளுக்கு என்ன வாய்னான் கொத்தனாரு. பேசாம சுமந்தேன். நாங்க நாலு பொம்பளைங்க அது நிழல்லதான் உக்காந்து சாப்பிட்டோம். எந்திரிச்சு வந்து கால் மணி நேரம்கூட ஆகலை, ஒரு தூறலுக்குச் சாஞ்சுடுச்சு. சாப்பாட்டு டப்பாவெல்லாம் அப்பளமாப் போச்சு. நான்தான் தண்ணி ஊத்தலைன்னு என்னையே வெளிய அனுப்பினாங்க. அதுக்கும் பேசாம வந்தேன். அன்னைக்குப் பேசாம வந்தேன் பாரு, அதுதான் நான் செஞ்ச தப்பு. இன்னொரு தரம் செய்ய மாட்டேன்."

மகளின் பிடி தளர்ந்தது.

குழுத் தலைவர் கோப்பைத் திறந்தார். "தலைவர் சொல்றதைக் கேக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கீங்கம்மா. இல்லைன்னா அடுத்த ஃப்ளைட்ல திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். சொல்லவே கஷ்டமா இருக்கு."

"அனுப்புங்க சார். நாளைக்குத்தானே ஃப்ளைட்டு? அதுக்குள்ள இந்தச் சுவரு முழுக்க இறங்கிடும்." நாலாவது கல்லும் கீழே போனது. "அவ்வளவு நம்பிக்கை இருந்தா ஒண்ணு பண்ணுங்க. இந்தக் குச்சி நட்டிருக்கா பாருங்க, அந்த இடத்துல உக்காந்து, சுவர்ல நல்லாச் சாஞ்சு ஒரு டீ குடிங்க. நான் அந்தப் பக்கம் நின்னு ஒரு தள்ளு தள்றேன். நீங்க டீயை முடிச்சுட்டா, நான் இந்த ஜென்மத்துக்குக் கூடாரத்தை விட்டு வர மாட்டேன்."

எல்லோரும் குழுத் தலைவரைப் பார்த்தார்கள். அவர் நாலு குச்சியையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். டீ டம்ளரைக் கையில் எடுத்தார்கூட. உட்காரவில்லை.

வீட்டுக்காரிக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் அந்த மனுஷர் உட்காராமல் நின்றது புரிந்தது. தலையிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். சுவருக்கு மறுபக்கம் போய் அவளும் ஒரு கல்லை இழுத்தாள். அதுவும் அப்படியே வந்தது. உதிர்ந்த கலவையை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, தன் மொழியில் மேஸ்திரியைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். என்ன சொன்னாள் என்பதற்கு மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. மேஸ்திரி தலையைத் தொங்கப் போட்டபடி நடந்து போய், டிரம்மில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார், சோப்பைத் தூக்கி எறிந்தார், நாலைந்து கல்லை உள்ளே இறக்கினார். புஸ்ஸென்று குமிழி கிளம்பியது.

"குமிழி நிக்கிற வரைக்கும் விடணும். அதுவரைக்கும் அதுக்குத் தாகம் தீரலைன்னு அர்த்தம்" என்றாள் அத்தை.

மகள்தான் அடுத்து நகர்ந்தாள். குழுத் தலைவரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அவர் கோப்பிலேயே அந்த விண்ணப்பத்தைத் தேடிப் பிடித்து, "சமையல்" என்பதை அடித்துவிட்டு, "கட்டட வேலை, முப்பது வருஷம்" என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். அத்தை அதைப் பார்த்தாள். "எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மாலைக்குள் எல்லாச் சுவரும் தரைக்கு வந்துவிட்டன. கலவை ஒட்டாததில் ஒரு லாபம், ஒரு கல்லும் உடையவில்லை. மறுநாள் காலை அத்தை மேஸ்திரியிடம் போய்க் கையை நீட்டினாள். அவர் சிரித்தார். மொழிதான் வேறு, சிரிப்பு அதே சிரிப்பு. அத்தை அவர் இடுப்பிலிருந்த கரணையைத் தானே உருவிக்கொண்டாள்.

முதல் சில வரிகளை அவள் பிரமாதமாகக் கட்டினாள் என்று சொன்னால் அது பொய். சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்த மேஸ்திரி, ஒரு நூல் அளவு வெளியே போயிருக்கிறது என்று விரலால் காட்டினார். அத்தை மறுபேச்சில்லாமல் பிரித்துவிட்டு மறுபடி வைத்தாள். "கண்ணுக்குத் தெரியுறது கைக்கு வர அரை நாள் ஆவுது" என்று முணுமுணுத்துக்கொண்டாள். மதியத்துக்கு மேல் மேஸ்திரி குண்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். குழுத் தலைவர் பேன்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு டிரம் பக்கத்தில் நின்றார். குமிழி நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்துப் பார்த்துக் கல்லை எடுத்துக் கொடுத்தார். சமையலுக்கு ஆளில்லாமல் மீதி நாளெல்லாம் எல்லோரும் ரொட்டியைத்தான் மென்றார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்காரி கலவை கொண்டு வந்து கொடுப்பாள், அத்தை வாங்கிக் கட்டுவாள். அத்தை தமிழில் பேசுவாள், அவள் அவள் மொழியில் பதில் சொல்வாள். ஒருவர் சொல்வதில் மற்றவருக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்றை அத்தை கவனித்தாள். சட்டியைக் கொடுத்துவிட்டு அவள் உடனே போவதில்லை. அத்தையின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அத்தை கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, சுவரின் ஓரத்தில் புதிதாக ஒரு கல் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை கல்லைத் தட்டிப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். அதை அப்படியே விட்டு அதன் மேல் கட்டிக்கொண்டு போனாள்.

போன மூன்று நாள் போனதுதான். பத்தாம் நாளுக்குள் கூரை ஏறாது என்பது தெரிந்துவிட்டது. குழுத் தலைவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். விழாத் தேதியை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அவர் அதை வந்து சொன்னபோது அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தேதியை மாத்த முடியாதுன்னா விடுங்க சார். சுவரை மாத்திட்டோம்ல? கூரைத் தகடு எல்லாம் வந்து இறங்கியாச்சு. அவ புருஷனும் மேஸ்திரியும் அடுத்த வாரம் போட்டுக்குவாங்க."

ஆக, பத்தாம் நாள் கூரையில்லாத வீட்டுக்குச் சாவி கொடுக்கும் விழா நடந்தது. பெரிய அதிகாரி வந்தார், கூடவே போட்டோக்காரரும் வந்தார். வடக்குச் சுவரின் மேல் வரியில் ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். கடைசிக் கல்லைப் பெரியவர் வைப்பது வழக்கம். அவருக்காகப் பளபளவென்று ஒரு புதுக் கரணை, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். அவர் வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். "அம்மா, நீங்களும் படத்துல வாங்க" என்று குழுத் தலைவர் கூப்பிட்டார்.

அத்தை சாரத்தின் மேல் நின்றிருந்தாள். காலையிலிருந்தே அந்த ஒற்றைக் கல் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். கீழே வீட்டுக்காரி, நல்ல சட்டை போட்ட இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் நிற்க, கடைசிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு யார் கேட்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"வர்றேன் சார். கல்லு வச்சுட்டு வர்றேன்" என்றாள் அத்தை.

"இல்லம்மா, கல்லை சார் வைப்பாரு."

"வீடு யாருது?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாரத்திலிருந்து இறங்கினாள். கலவை காய்ந்து ஒட்டியிருந்த தன் கரணையைப் புடவையில் துடைத்து வீட்டுக்காரியின் கையில் வைத்தாள். "ஏறு தங்கச்சி" என்று சாரத்தைக் காட்டினாள். வீட்டுக்காரி கரணையைப் பார்த்தாள், பெரியவரின் வெள்ளைக் கையுறையைப் பார்த்தாள். பிறகு தன் தலையிலிருந்த சட்டியைக் கண்ணால் காட்டினாள். நான் மேலே போய்விட்டால் இதை யார் கொண்டு வருவது என்று கேட்டது அந்தப் பார்வை.

போட்டோக்காரர் காமிராவை இறக்கிவிட்டார். மகள் "அம்மா..." என்று ஓரடி முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

அத்தை தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். உதறினாள், சுருட்டினாள். உச்சந்தலையில் முடியில்லாத அந்த இடத்தில் சரியாக வைத்து அழுத்தினாள். வீட்டுக்காரியின் முன்னால் லேசாக முட்டியை மடக்கி, இரண்டு கையாலும் சட்டியை வாங்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ம், நீ கட்டு" என்றாள்.